சேவலுக்கு ஐந்தாவது விரல்

கிருத்திகை என்றால் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருப்பவள் நான். எங்கள் வீட்டில் கோழி அடித்ததில்லை, முட்டை உடைத்ததில்லை. அப்படிப்பட்டவள் குஞ்சின் காலைத் தூக்கிப் பிடித்து விரல் எண்ணக் கற்றுக்கொண்டேன் என்றால், அதற்கு என் நாத்தனார் வீட்டுக்காரர்தான் காரணம்.

அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்பார்கள். பென்ஷன் வந்த பிறகும் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு துரை வீட்டில் தோட்டத்தையும் கோழிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்ட காலத்தில் அந்தத் துரைசானியும் கப்பல் ஏறினாள். போகும்போது ஒரு சேவலையும் இரண்டு பெட்டைகளையும் இவர் கையில் கொடுத்து, "இந்த இனத்தை வேறு எதோடும் கலக்க விட்டுவிடாதே" என்று சொல்லி அழுதாளாம். சொந்தப் பெண்ணைக் கட்டிக் கொடுத்ததுபோல் இவரும் அழுதாராம். என் நாத்தனார் மட்டும் அழவில்லை. "வீட்டுக்கு ஒரு பித்தளைக் குண்டான் குடுத்திருந்தாலும் உதவும், மூணு கோழியக் குடுத்துட்டுப் போனா" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு நாத்தனாருக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. அதில் குடியிருந்தவர்கள் காலி செய்ததும் இவர்கள் வந்து சேர்ந்தார்கள். ரயிலடியிலிருந்து குதிரை வண்டி வந்து நின்றது. நாத்தனார் மூட்டை முடிச்சுகளோடு இறங்கினாள். அவள் வீட்டுக்காரர் ஒரு கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அது குலுங்காமல், மாப்பிள்ளை இறங்குவதுபோல் நிதானமாக இறங்கினார். நாத்தனார் வீட்டுக்காரரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் தெருவிலேயே கூடையைத் திறந்தார். எதிர் வீட்டில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த பெண் நூலை அறுத்துக்கொண்டாள்.

சேவல் தலையில் ஒரு பெரிய சாமந்திப் பூவைக் கவிழ்த்ததுபோல் இறகுக் குடுமி. அதற்கு முன்னால், நடுவில் பிளந்த இலைபோல் சிவப்புக் கொண்டை. கன்னத்தில் இரண்டு பக்கமும் மீசை, கீழே தாடி. உடம்பு கறுப்பு, அதில் இறகு நுனிகளில் வெள்ளைப் பொட்டு. முகம் என்று ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

"இன்னாபா இது, இமயமலையில இருந்து வந்த சாமியார் மாதிரி இருக்குது" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

என் வீட்டுக்காரர் நெசவாளி. எதைப் பார்த்தாலும் புடவையாகத்தான் பார்ப்பார். சேவலைச் சுற்றி வந்து, "மாமா, கறுப்பு உடம்பு, வெள்ளை புட்டா. எல்லாம் சரிதான். ஆனா இந்தப் பக்கம் நெருக்கமா விழுந்திருக்குது, அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி விழுந்திருக்குது. எங்க முதலாளி கிட்ட இத எடுத்துக்கினு போனா மூஞ்சில வீசிடுவாரு" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். அண்ணன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மச்சான், இது ஊதான். பிரான்ஸ் தேசத்துல அந்தப் பேர்ல ஒரு ஊர் இருக்குது, அந்த ஊர்க் கோழி. இளசுல மூணு இறகுக்கு ஒண்ணுல வெள்ளை இருந்தா போதும். வயசாக ஆக வெள்ளை ஏறும். கொண்டை ரெண்டா விரியணும். தாடி இடைவெளி இல்லாம மூடணும். கால் வெளிர் ரோசா, அதுல கறுப்புப் புள்ளி. எல்லாத்துக்கும் மேல..." என்று சொல்லி, சேவலின் காலை எங்களுக்கு முன்னால் நீட்டினார். "எண்ணு."

நாங்கள் எண்ணினோம். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. அதற்கும் மேலே, தரையைத் தொடாமல், எதையோ சுட்டிக் காட்டுவதுபோல் வளைந்து நின்றது இன்னொன்று. மொத்தம் ஐந்து.

"அஞ்சு விரல் இருந்தாதான் ஊதான். நாலு இருந்தா அது வெறும் கோழி."

அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கே ஒரு புது வேலை வந்துவிட்டது.

அந்தச் சேவலுக்கு நல்ல சுபாவம். கொத்தாது, துரத்தாது. ஆனால் குடுமி கண்ணை மறைத்துக்கொண்டதால் மேலேயும் பக்கத்திலேயும் எதுவும் தெரியாது. ஒரு நாள் பின்கட்டுச் சுவர் மீதிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்து, நடந்துகொண்டே இருந்து, தறிக் குழிக்குள் விழுந்தது. என் வீட்டுக்காரர் குழியில் காலை விட்டு மிதித்துக்கொண்டிருந்தார். பாம்பு என்று நினைத்து அவர் போட்ட கூச்சலில் நான் சாமி விளக்கைக் கூடக் கீழே வைக்க மறந்து ஓடி வந்தேன். சேவல் அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்து கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"மாமா, உன் பிரெஞ்சுக்காரன் தறி மிதிக்க வந்துட்டான்" என்று இவர் சுவர் வழியாகக் கத்தினார். "கூலிய உன்கிட்ட குடுக்கட்டா, அவன் கிட்ட குடுக்கட்டா?"

அண்ணன் ஓடி வந்தவர் முதலில் விரலைத்தான் எண்ணினார். பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு அடி பட்டதா என்று கேட்டார்.

பெட்டைகளுக்கு வேறு ஒரு கௌரவம். வெள்ளை வெளேரென்று முட்டை போடும், அதோடு வேலை முடிந்தது என்று நகர்ந்து விடும். அடைக்கு உட்காராது. அதனால் நாட்டுக்கோழி ஒன்றைப் பிடித்து வந்து அந்த முட்டைகளின் மேல் உட்கார வைத்தார்.

"பெத்துப் போடறது வெள்ளைக்காரி, ஒக்காந்து சூடு குடுக்கறது நம்ம ஊர்க்காரி" என்றாள் நாத்தனார். "துரை பங்களாவுலயும் இதே கதைதான்மா. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்."

குஞ்சு பொரித்ததும் அண்ணன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, கால் விரல் பார்ப்பார். ஐந்து இருந்தால் முகம் மலரும். நாலு இருந்தால் கோர்ட்டில் மனுவைத் தள்ளுவதுபோல், "தள்ளுபடி" என்று ஒதுக்குவார். பெரும்பாலும் சேவல் குஞ்சுகள்தான் அந்தப் பழியில் மாட்டிக்கொண்டன. நாத்தனார் பக்கத்துத் தெரு நாட்டுச் சேவலைச் சந்தேகப்பட்டாள். அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்.

தள்ளுபடியானதில் ஒரு சேவல் குஞ்சை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். குடுமி இருந்தது, தாடி இருந்தது, கறுப்பு வெள்ளைப் பொட்டு அழகாக விழுந்திருந்தது. விரல் மட்டும்தான் நாலு. அதையும் யாராவது அறுத்துத் தின்றுவிடப் போகிறார்களே என்று மனசு கேட்கவில்லை. தள்ளுபடி என்பதே அதன் பெயராகிவிட்டது. நான் விளக்கேற்றும் நேரம் வாசற்படியில் வந்து நிற்கும். கற்பூர வாசனை பிடிக்கும் அதற்கு.

அண்ணனுக்கு அந்தப் பார்வை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கால் கழுவிக்கொண்டு உள்ளே வரும்போது இவர் குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா தனியாக வந்து, "மாப்பிள்ளை எப்படிங்க?" என்று கேட்க, "விரல்லாம் ஒழுங்கா இருக்குது" என்றார். அந்தக் கல்யாணம் நடந்து, இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மழைக்காலத்தில் அண்ணனுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆள் நினைவு தப்பி, பிரெஞ்சில் யாருக்கோ சல்யூட் அடித்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் நாத்தனாரைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரு சின்ன முருகன் கோயில் உண்டு. நேர்ந்துகொண்ட சேவலை உயிரோடு விடுகிற வழக்கம் அங்கே. அறுக்க மாட்டார்கள். அது பாட்டுக்கு மதிலுக்குள் மேய்ந்துகொண்டிருக்கும். விட்டதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. நானும் நாத்தனாரும் அங்கே போனோம். நாத்தனார் ஈரப் புடவையோடு சுற்றி வந்தாள். என்னை வாய்க்கு வாய் கேலி பேசுகிறவள், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பனே, என் வீட்டுக்காரர எழுப்பிக் குடு. என் வீட்டுச் சேவல உனக்கு விடறேன்."

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கும் எதுவும் தோன்றவில்லை. சேவல் என்று சொன்னது சேவலாகத்தான் காதில் விழுந்தது.

முருகன் எழுப்பிக் கொடுத்தான். அண்ணன் எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்து, ரசஞ்சோறு சாப்பிடத் தொடங்கிய அன்றைக்குத்தான் நாத்தனார் விஷயத்தைச் சொன்னாள். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே இருந்தோம்.

"வர்ற கிருத்திகைக்கு வேண்டுதல் முடிக்கணும்ங்க."

"முடிச்சிடலாம். இன்னா வேண்டிக்கின?"

"வீட்டுச் சேவல விடறதா."

அண்ணன் கையில் இருந்த கவளம் தட்டுக்குத் திரும்பிப் போனது. பின்கட்டில் அந்த நேரம் பார்த்து அது கூவியது.

"எந்தச் சேவல?"

"நம்ம வீட்ல எத்தினி சேவ இருக்குது?"

ஒன்றுதான் இருந்தது. அதுதான் விஷயமே. அதுவரை பொரித்த ஐந்து விரல் குஞ்சுகள் எல்லாம் பெட்டை. இது போனால் அந்தப் பெட்டைகள் முட்டை போட்டும் பயனில்லை. துரைசானி அழுது கொடுத்த இனம் எங்கள் பின்கட்டோடு முடிந்து போகும். அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்ச் சேவல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னார். "அக்கா, சந்தையில நல்ல நாட்டுச் சேவலா ஒண்ணு வாங்கியாந்து, ஒரு வாரம் இங்க கட்டி வச்சிட்டு விட்டுடலாம். அதுவும் வீட்டுச் சேவல்தானே."

"ஏண்டா தம்பி, முருகன் இன்னா உன் முதலாளியா, சாயம் போனத மடிச்சு உள்ள வச்சுக் காட்டறதுக்கு?"

எனக்கும் அது சரியில்லை என்றுதான் பட்டது. அதனால் நான் தள்ளுபடியைப் பற்றி எடுத்தேன். "அண்ணி, அது உங்க வீட்டு முட்டைதானே. உங்க வீட்டுல பொரிச்சதுதானே. அத விடலாமே."

நாத்தனார் என்னைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள். "அது தள்ளுபடின்னு சொன்னது யாரு? நான் சொன்னனா? நாலு விரல் இருந்தா வெறும் கோழின்னு தெருவுக்கே பாடம் எடுத்தீங்க. நீங்க வேணாம்னு தள்ளினத சாமிக்குக் குடுக்கணுமா? உங்க உசுருக்கு வெல அவ்ளதானா?"

அண்ணன் சேவலின் குடுமியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் வாயாலேயே கட்டிய சுவர் அது.

தெருப் பெண்கள் வேறு நெருப்பில் நெய்யை ஊற்றினார்கள். ஐந்து விரல் என்றால் அஞ்செழுத்து, தாடி என்றால் ரிஷி, குடுமி என்றால் சடை. இத்தனை நாள் சாமியார் என்று கேலி செய்தவர்கள் இப்போது நிஜமாகவே அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி மஞ்சள் குங்குமம் கொண்டுவந்து எங்கே வைப்பது என்று நெற்றியைத் தேடினாள். "அஞ்சு காலு மாட்டத் தெருவுல ஓட்டிக்கினு வந்தா காசு போடறோம். இதுக்கு அஞ்சு விரலு. சாமிக்குன்னே பொறந்தது" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. நான் ஏமாற்று வேலை செய்கிறவள் இல்லை. ஆனால் அந்தக் கோயில் வழக்கம் எனக்குத் தெரியும். நொண்டி, குருடு, வால் அறுந்தது, உறுப்பு குறைந்தது, கூடினது, எதுவும் சாமிக்கு ஆகாது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மணியக்காரர் ஒவ்வொரு சேவலையும் பார்த்துத்தான் வாங்குவார். பிரான்சுக்கு ஒரு கணக்கு இருந்தால் முருகனுக்கு ஒரு கணக்கு இருக்காதா?

அண்ணனிடம் சுவரோரம் சொன்னேன். "அண்ணா, மணியக்காரர் ஏதுனா குறை இருக்குதான்னு கேப்பாரு. ஆமா, விரல் ஒண்ணு அதிகம்னு நீங்களே சொல்லிடுங்க. சேவ வீடு திரும்பிடும்."

அவர் என்னை முறைத்தார். "இந்தச் சேவலுக்குக் குறைன்னு என் வாயால நான் சொல்லணுமா?"

"சொன்னா உங்களுக்கு. சொல்லலன்னா கோயிலுக்கு."

கிருத்திகை அன்று வண்டி வைத்துக்கொண்டு போனோம். நாத்தனார் மடியில் கூடை, அதில் சேவல். அண்ணன் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் தள்ளுபடியை ஒரு பையில் போட்டு என் காலடியில் வைத்துக்கொண்டேன். "இது எதுக்கு?" என்று நாத்தனார் கேட்டாள். "அதுவும் சாமி பாக்கட்டுமே அண்ணி" என்றேன். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுக் கூட வந்தார். வேடிக்கை பார்க்க வரவில்லை என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மணியக்காரர் சேவலைத் தூக்கியதும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "இது கோழிதானா?"

"பிரான்ஸ் கோழி" என்றார் அண்ணன்.

"முருகனுக்குத் தமிழ்தான் புரியும்" என்றவர் குடுமியை விலக்கிக் கண்ணைத் தேடினார். கண்டுபிடித்தார். இறக்கையை விரித்தார். வாலைப் பார்த்தார். பிறகு கேட்டார். "குறை எதுனா இருக்குதா?"

நான் இருமினேன். என் வீட்டுக்காரர் கோபுரத்துப் பொம்மைகளை எண்ணத் தொடங்கினார். அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். முருகா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"குறையா?" என்றார் அண்ணன். "இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு கொண்டை கிடையாதுங்க. தாடியப் பாருங்க, நடுவுல ஒரு இறகு விட்டுப் போயிருக்குதா?"

மணியக்காரர் திருப்தியாகத் தலையாட்டி, கால் கட்டை அவிழ்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு தடவை எண்ணினார். மறு காலையும் எண்ணினார்.

"அஞ்சு இருக்குதே."

"அஞ்செழுத்துங்க" என்றாள் நாத்தனார் பக்தியாக.

"அம்மா, அஞ்செழுத்து அப்பனுக்கு. இது புள்ள கோயிலு, இங்க ஆறெழுத்து. ஆறு விரலா இருந்தாலாவது யோசிக்கலாம்" என்று சேவலைத் திருப்பி நீட்டினார். "கூடினாலும் குறைதான். ஆகாது."

காரியம் முடிந்தது, வண்டி ஏறலாம் என்று நான் மூச்சு விட்டேன். அண்ணனுக்கு அப்போதுதான் ரத்தம் தலைக்கு ஏறியது.

"யாரப் பாத்துக் குறைன்ற? அஞ்சு இருக்கணும்யா. அதான் கணக்கு. நாலு இருந்தாதான் குறை. இதக் குறைன்னு சொல்ற மொத ஆளு நீதான். வாங்கிக்க. மரியாதையா வாங்கிக்க."

அவர் சேவலை மணியக்காரர் கையில் திணிக்கப் பார்த்தார். மணியக்காரர் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நடுவில் சேவல் யார் பக்கம் போவது என்று தெரியாமல் இருவர் மீதும் இறக்கையை அடித்தது. நான் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் இழுத்தார். "மாமா, நீ யாரு கட்சி, மொதல்ல அதச் சொல்லு" என்றார் காதோரம்.

அண்ணன் கையில் இருந்ததைப் பார்த்தார். அப்போதுதான் நினைவு வந்தவர்போல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேற இருந்தா கொண்டாங்க. நாலு விரலுக்கு மேல இல்லாததா" என்றார் மணியக்காரர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

நான் பையைத் திறந்தேன். தள்ளுபடி வெளியே வந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, சந்நிதிப் பக்கம் திரும்பி நின்றது. கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். மணியக்காரர் கண் பார்த்தார், இறக்கை பார்த்தார், விரல் எண்ணினார். "லட்சணமா இருக்குது. இதுக்கு இன்னா?"

"அது தள்ளுபடிங்க" என்றாள் நாத்தனார்.

"யாரு தள்ளினது?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். நாத்தனார் கேலியாகக் கேட்கவில்லை. "சாமி முன்னால நெஜத்தச் சொல்லுங்க. இது குறையா, குறை இல்லையா? குறைன்னா நான் விட மாட்டேன். அவன் எனக்கு முழுசா குடுத்தான். நானும் முழுசாத்தான் குடுக்கணும்."

அண்ணன் சேவலை அணைத்தபடியே குனிந்து தள்ளுபடியின் விரல்களை மறுபடியும் எண்ணினார். சேவலைக் குறை என்று சொல்ல வராத அந்த வாய்க்கு, தான் தள்ளியதைக் குறை இல்லை என்று சொல்வதும் லேசாக வரவில்லை.

"நம்ம ஊருக்கு நாலுதான் கணக்கு" என்றார் கடைசியில். "ஒரு குறையும் இல்ல."

நாத்தனார் தள்ளுபடியைத் தூக்கிக் கண்ணில் ஒற்றி உள்ளே விட்டாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் கண் கலங்கியது. வளர்த்தவள் இல்லையா. ஆனால் இனி யாரும் அதை அறுக்க மாட்டார்கள், விளக்கும் கற்பூரமும் தினம் பார்க்கும் என்று நினைத்ததும் மனசு நிறைந்துவிட்டது. எனக்கு வந்த யோசனை முருகன் கொடுத்ததா, நானாக நினைத்ததா என்று இன்று வரை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் கிருத்திகை தவறாமல் அந்தக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அதுவரை சாமி கும்பிடுவது பெண்கள் வேலை என்று இருந்தவர். தள்ளுபடி அங்கே கொழுத்து, மதில் மேல் நின்று கூவி, நாட்டுச் சேவல்களை எல்லாம் அடக்கி வைத்திருந்தது. யாராவது, "இந்தத் தாடிக்காரன் யாரு வுட்டது?" என்று கேட்டால், "நம்ம வீட்டுதுதான்" என்று மார்பை நிமிர்த்துவார். விரல் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்.

மறு பருவத்தில் நாட்டுக்கோழி அடியில் மறுபடியும் குஞ்சு பொரித்தது. அண்ணன் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி எங்களைக் கூப்பிட்டார். வளர்ந்தால் சேவல்தான் என்று அடித்துச் சொன்னார், வளர்ந்து சேவலாகவும் ஆனது. இரண்டு காலிலும் ஐந்து விரல். திரும்பத் திரும்ப எண்ணினார். என் வீட்டுக்காரர் எண்ணினார். எண்ணச் சொல்லி என்னிடமும் கொடுத்தார்.

நாத்தனார் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"இனிமே வேண்டிக்கினா பேச்ச அளந்து பேசு" என்றார் அண்ணன் அவளிடம். "வீட்டுச் சேவல்னு பொத்தாம் பொதுவா சொல்லக் கூடாது. இன்ன சேவல், இத்தினி விரல்னு சொல்லணும்."

நாத்தனார் குஞ்சைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் பொத்தாம் பொதுவா வேண்டிக்கினதாலதான் நீங்க இன்னிக்கு ஒக்காந்து விரல் எண்ணிக்கினு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள்.

அண்ணன் எண்ணுவதை நிறுத்தினார். அவள் காதில் விழாதபடி, குஞ்சிடம் சொன்னார்: "சரியாத்தான் சொல்றா."